உப்பு வண்டிக்கு எஃப்சி

சுவிசேஷமுத்து அண்ணாச்சி பொய் சொல்லமாட்டார். புளுகுவார். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. பொய் சொல்கிறவன் நாம் நம்பவேண்டும் என்று எதிர்பார்ப்பான். அண்ணாச்சிக்கு அந்த எதிர்பார்ப்பெல்லாம் கிடையாது, நாம் எழுந்து போகாமல் இருந்தால் போதும். அவர் வாழ்க்கையில் சொன்ன நிஜமான பொய் ஒன்றே ஒன்று. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் வெல்டர். தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளத்துக்குப் போகிற ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறேன். அண்ணாச்சியின் மினி லாரி இருபத்திரண்டு வருஷமாக அந்த ரோட்டில்தான் உப்பு சுமந்தது. சாயங்காலம் லோடு இறக்கிவிட்டு வரும்போது பட்டறை வாசல் குழாயடியில் நிறுத்துவார். கட்டியிருக்கும் சாரத்தை, அதாவது லுங்கியை, முழங்கால்வரை நனைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். கேட்டால், "உடம்புச் சூட்டுக்கு" என்பார். நானும் மேலே கேட்டதில்லை.

போன வாரம் வண்டியைப் பட்டறைக்குள்ளேயே கொண்டுவந்தார். நான் அடியில் படுத்து சேஸில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாகக் குத்தினேன். எஞ்சின், கேபின், தொட்டி எல்லாவற்றையும் தாங்குகிற நீளச் சட்டம்தான் சேஸ். ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடிவரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்ததும் என் முகம் பூராவும் துருப்பொடி.

"அண்ணாச்சி, மூணு வழிதான் இருக்கு" என்றேன். "தகடு வச்சு ஒட்டுப் போடலாம். ஆனா ஒட்டு பிடிக்கிறதுக்கு நல்ல இரும்பு வேணும், இதுல அது இல்ல. சேஸையே மாத்தலாம். அதுக்கு ஆபீஸ்ல அனுமதி வாங்கணும், செலவு வண்டி விலையைத் தாண்டிரும். இல்லன்னா முறைப்படி உடைக்கக் கொடுத்து, உடைச்சதுக்குச் சர்ட்டிபிகேட் வாங்கி, அதை வச்சுப் புது வண்டி எடுக்கலாம். தள்ளுபடி உண்டு."

"நாலாவது வழி?"

"நாலாவது வழி கிடையாது."

"அப்ப அதுலயே போவோம்" என்றார் அண்ணாச்சி.

அப்படித்தான் எஃப்சி மைதானத்துக்கு வந்து சேர்ந்தோம். வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று கொடுக்கிற சான்றிதழ்தான் எஃப்சி. பழையது அன்றோடு முடிகிறது. புதியது கிடைக்காவிட்டால் வண்டி நகரக்கூடாது. வண்டி வாங்கும்போது அண்ணாச்சியின் மனைவி எஸ்தர் அக்கா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்திருந்தார். எஃப்சி இல்லாமல் வாசல்படி மிதிக்கமாட்டேன் என்று அண்ணாச்சி அக்காவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். என்னைச் சாட்சிக்கு அழைத்தார். வண்டியில் கூடவே ஏறச் சொன்னார். எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது, பின்னால் பைக்கில் வந்தேன்.

மைதானத்தில் எங்களுக்கு முன்னால் ஆறு வண்டிகள். எல்லா வண்டிக்கு அடியிலும் ஒரு ஜோடிக் கால் நீட்டிக்கொண்டிருந்தது. சேஸில் பொறித்திருக்கிற நம்பர்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நம்பர் தாளில் ஏறும். அதை விண்ணப்பத்தில் ஒட்டித் தரவேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் சண்முகவடிவு அம்மா முதலில் கேட்பது அதைத்தான். அண்ணாச்சி மட்டும் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு கையைக் கட்டி நின்றார்.

முன் வண்டிக்காரர் கொம்பையா அடியிலிருந்து ஊர்ந்து வந்து கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, பென்சில் எடுக்கலையா?"

"எங்க வச்சு எடுக்க? நம்ம வண்டிக்குத்தான் சேஸே கிடையாதே."

கொம்பையா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"சேஸ் இல்லாம எப்படி அண்ணாச்சி ஓடும்?"

"அப்படிக் கேளு. இந்தா நிக்காம்லா வெல்டரு, இவங்கிட்ட வர முந்தி வேற ஒருத்தன்கிட்ட ஒட்டுப் போட்டேன். கைகாரன். ஓட்டை விழுந்த இடத்துல ஒரு தகடு வச்சான். அடுத்த மாசம் தகட்டைச் சுத்தி ஓட்டை. அதுக்கொரு தகடு. அப்புறம் அந்தத் தகட்டுல ஓட்டை. ஆறு வருசத்துல கம்பெனி போட்ட இரும்பு ஒரு துணுக்கு கிடையாது, பூரா ஒட்டு. பெறவு ஒட்டு வச்ச தகடெல்லாம் துருவாப் போயிட்டு. என்ன மிஞ்சிச்சுங்கிற? வெல்டிங் தழும்பு மட்டும் மிஞ்சிச்சு. அந்தத் தழும்பு மேலதான் ரெண்டு வருசம் லோடு அடிச்சேன்."

"தழும்பு எத்தனை டன் தாங்கும்?" என்று கேட்டார் கொம்பையா. அவர் நக்கலாகத்தான் கேட்டார்.

"மூணு. நாலு வச்சா முனங்கும்."

அதற்குள் மற்ற வண்டிகளின் அடியிலிருந்தும் கால்கள் உள்ளே இழுபட்டு, தலைகள் வெளியே வந்தன. ஆள் கூடினால் அண்ணாச்சிக்குச் சாரத்து மடிப்புத் தானாக ஏறும்.

"சரி, கம்பெனிக்காரன் செஞ்ச பொருளு, அவன்ட்டயே கேப்போம்னு ஒரு காயிதம் போட்டேன். மறு வாரம் ஏரோபிளேன்ல மேனேஜரு வந்து இறங்குதாரு, கூட நாலு இஞ்சினியரு. வண்டியை ஜாக்கி வச்சுத் தூக்குனா கேபின் மட்டும் மேல போகுது, மத்ததெல்லாம் தரையில நிக்கி. அதுல ஒரு இஞ்சினியருக்குச் சளி. அடியில படுத்தவன் ஒரு தும்மல் போட்டான். இடதுபக்கச் சட்டம் பூராம் பறந்து போயிட்டு. தும்மாதீங்கன்னு நான் போர்டே மாட்டிருந்தேன். படிச்சவங்க போர்டைப் படிக்கதில்ல."

"அவுக ஒண்ணும் கேக்கலையா?" என்றார் ஒரு வேன்காரர்.

"கேட்டாக. லோடு இறக்குனதும் தினமும் நல்ல தண்ணியில அடிப்பக்கம் கழுவுனீங்களான்னு கேட்டாக." அண்ணாச்சி காதிலிருந்த பென்சிலைச் சரிசெய்துகொண்டார். "அதை விடு. மேனேஜரு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. 'ஐயா, இந்த வண்டியை எங்களுக்குக் கொடுத்திருங்க, கண்ணாடிக்கூண்டுல வைக்கோம், பதிலுக்குப் புது வண்டி தாரோம்'னாரு. மாட்டேன்னுட்டேன்."

"ஏன் அண்ணாச்சி?"

"புது வண்டிக்கு என்னையத் தெரியாதுல்லா."

இதைச் சொல்லிக்கொண்டே லாரியின் கதவைத் தடவிக்கொடுத்தார். அது மட்டும் புளுகில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் யாரும் கவனிக்கவில்லை. வரிசை ஒரு வண்டி முன்னேறியது. அண்ணாச்சி லாரியை ஸ்டார்ட் செய்து ஆறடி நகர்த்தினார். அது நின்ற இடத்தில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது.

இறங்கி வந்தவர் விட்ட இடத்தில் தொடங்கினார். "இன்சூரன்ஸ்ல கேட்டேன். துருவுக்குப் பணம் கிடையாது, திருட்டுக்குத்தான் உண்டுன்னுட்டான். இதுவும் திருட்டுத்தானவே? கேக்காம கொள்ளாம இருநூறு கிலோ இரும்பை எடுத்துட்டுப் போயிருக்கே. நேரா ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டையா எழுதிக்கிட்டாரு. எதிரி பேரு, கொண்டல் காத்து. தகப்பன் பேரு, தெரியாது. விலாசம், கிழக்குக் கடல். பிடிச்சுட்டு வான்னு ரெண்டு கான்ஸ்டபிளைக் கடற்கரைக்கு அனுப்புனாரு. போனவங்க மறுநாள் வெறுங்கையோட வந்து நிக்காங்க. என்னவேன்னா, கொண்டு போன விலங்கு துருப்பிடிச்சு உதிர்ந்துட்டாம்."

கொம்பையா சிரித்தார். சிரிக்கக்கூடாது என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"பேசாம பழைய இரும்புக்கடையில போட்டிருக்கலாம்லா?"

"போட்டுப் பாத்தேனே. தராசுல ஏத்துதான், முள்ளு அசையல. கடைக்காரன் தராசு ரிப்பேருன்னு நினைச்சு அவனே ஏறி நின்னான், அறுபத்தெட்டு காட்டுச்சு. இறங்கி, என் வண்டி மேல கையை வச்சுக்கிட்டு மறுபடி ஏறினான். அறுபத்தஞ்சு. 'அண்ணாச்சி, இதை வாங்குனா கடையில இருக்க இரும்பும் குறையும், தயவுசெஞ்சு கொண்டு போயிருங்க'ன்னு கும்பிட்டான்."

வரிசை ஒவ்வொரு வண்டியாக நகர்ந்துகொண்டே இருந்தது. இப்போது இன்ஸ்பெக்டர் அம்மா கொம்பையாவின் வண்டியில் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது இந்தப் பக்கம்தான் இருந்தது. அதை நான் பார்த்தேன், அண்ணாச்சி பார்க்கவில்லை.

"அப்ப இப்ப எதுலதான் வண்டி நிக்கி?" என்று வேன்காரர் கேட்டார்.

"உப்புல."

வேன்காரர் குனிந்து லாரிக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

"இருபத்திரண்டு வருசமா உப்பு தொட்டியில இருந்து ஒழுகிச் சேஸுக்குள்ள இறங்குச்சா? துரு ஒரு பக்கம் திங்கத் திங்க, அந்த இடத்துல உப்பு உறைஞ்சுக்கிட்டே வந்திருக்கு. சட்டத்துக்குச் சட்டம், போல்ட்டுக்குப் போல்ட்டு, அச்சு அசலா உப்புலயே சேஸ் நிக்கி. இரும்பை விடக் கெட்டி. துருவே பிடிக்காது. ஒரே ஒரு தொந்தரவு, மழை ஆகாது. போன ஐப்பசியில வல்லநாடு பக்கம் வாரேன், பின்னால மழை விரட்டுது. பின் சட்டம் கரைய ஆரம்பிச்சிட்டு. மிதிச்சேன் பாரு மிதி. மழை விரட்ட நான் ஓட, நான் ஓட மழை விரட்ட, எட்டு ஊரு தாண்டிட்டேன். அந்த எட்டு ஊருலயும் ரோட்டோரக் கிணறெல்லாம் உப்பாப் போச்சு. பொம்பளைக அன்னிக்குக் குழம்புக்கு உப்பே போடல."

பிரேக்கை மிதித்துக் காட்டிக்கொண்டிருந்த கொம்பையா கேபினிலிருந்து தலையை நீட்டினார். "எங்க ஊரு அந்த ரோட்டுலதான் இருக்கு. கிணறு உப்பானதும் ஐப்பசியிலதான். அண்ணாச்சி, அதைச் செஞ்சது நீருதானா?"

அவர் குரலில் இப்போது நக்கல் இல்லை. அண்ணாச்சியே கொஞ்சம் ஆடிப்போனார்.

"அடுத்த வண்டி" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா.

அம்மாவுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கையில் ஒரு சின்னச் சுத்தி. குனிந்து ஒரு தட்டுத் தட்டினார். மணிச்சத்தம் வரவேண்டும். பொத்தென்று சத்தம் வந்தது. கூடவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துருப்பாளம் காலடியில் விழுந்தது. இன்னொரு தட்டு. இன்னொரு பாளம். மூன்றாவது தட்டுத் தட்ட அவர் பயந்துவிட்டார்.

"சேஸ் நம்பர் எங்க?"

அண்ணாச்சி சட்டைப் பையில் கையை விட்டார். மடித்த கைக்குட்டை ஒன்றை எடுத்து, நான்கு முனையையும் மெல்லப் பிரித்தார். உள்ளே கைக்கடக்கமாக ஓர் இரும்புத் துண்டு. அதில் நம்பர் முழுசாக இருந்தது. போன செவ்வாய்க்கிழமை உப்பளத்து வாசலில் கழன்று விழுந்ததாம். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார்.

"ஒரு எழுத்துகூட அழியலம்மா. ஆர்சி புக்கோட ஒத்துப் பாருங்க."

அந்த அம்மா சிரிக்கவே இல்லை. ஆர்சி புக்கை வாங்கி ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பார்த்தார். அண்ணாச்சியின் காதிலிருந்த பென்சிலைக் கேட்டு வாங்கி, துண்டின்மேல் தாளை வைத்து அவரே தேய்த்தார். நம்பர் பளிச்சென்று ஏறியது.

"சரியா இருக்கு" என்றார். அண்ணாச்சி முகம் மலர்ந்தது. எனக்கே ஒரு கணம் நம்பிக்கை வந்துவிட்டது.

"இந்தத் துண்டு நல்லா இருக்கு, இதுக்கு வேணா எஃப்சி போடலாம். சட்டைப் பையில வச்சு மெதுவா ஓட்டிட்டுப் போங்க. வண்டி இங்கயே நிக்கட்டும்."

மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன். அண்ணாச்சி மட்டும் அந்தத் துண்டை மறுபடி கைக்குட்டையில் மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பு சரியாக வரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன்ம்மா" என்றார். "தினமும் நல்ல தண்ணி அடிச்சுக் கழுவிருந்தா நின்னிருக்குமா?"

"நின்னிருக்கும்" என்றார் அம்மா.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. வண்டி வாங்கின முதல் நாளே எஸ்தர் அக்கா சொன்னது அதுதான். உப்பு இறக்கினதும் கழுவிட்டுத்தான் வீட்டுக்கு வரணும். அண்ணாச்சிக்குச் சோம்பல். ஒருநாள்கூடக் கழுவவில்லை. சாரத்தை மட்டும் குழாயில் நனைத்துக்கொண்டு போய், அந்த ஈரத்தைக் காட்டி, வண்டியைக் கழுவிட்டேன் என்று அக்காவிடம் சொல்வார். அதுதான் நான் முதலில் சொன்ன அந்த ஒரே பொய். இருபத்திரண்டு வருஷம் என் பட்டறைக் குழாயில்தான் அது நனைந்திருக்கிறது.

போன் அடித்தது. எஸ்தர் அக்காதான். அண்ணாச்சி எடுத்தார். என்ன புளுகப் போகிறார் என்று மைதானம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. அவர் லாரியில் சாய்ந்தார், அப்புறம் அது தாங்காது என்று நினைவு வந்து நிமிர்ந்துகொண்டார்.

"எஸ்தரு" என்றார். "எஃப்சி கிடைக்கல. சேஸ் பூரா துரு. வண்டியை உடைக்கத்தான் கொடுக்கணும். தப்பு என் மேலதான். நான் ஒருநாள்கூடக் கழுவுனதில்ல. உன் சங்கிலியை நான்தான் தொலைச்சேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

எஸ்தர் அக்காவின் குரல் போனைத் தாண்டி எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"சும்மா புளுகாதீக. தினமும் ஈரச் சாரத்தைக் காயப்போட்டவ நான்தான. எஃப்சியை வாங்கிட்டு, வரும்போது கால் கிலோ மொச்சையும் வாங்கிட்டு வாங்க."