சந்தனம் பூசிய ஜெனரேட்டர்

“டாக்டரம்மா! என் ஜெனரேட்டருக்கு யாரோ செய்வினை வச்சிட்டாங்க!”

ஜெனரேட்டரைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தள்ளியபடி, அலறிக்கொண்டே வந்தார் கோமதிநாயகம்.

டாக்டர் பெனிட்டா மற்ற நாளில் பல் பிடுங்குவார். ஞாயிற்றுக்கிழமை இன்ஜின் பிரிப்பார். செத்த மோட்டாரை அவர் வாசல் வழியே தூக்கிப்போனாலே ஒரு தும்மல் போட்டு எழுந்துவிடும் என்று ஊரில் பேச்சு. பேச்சைக் கிளப்பிவிட்டதே கோமதிநாயகம்தான். வயதில் மூத்தவர், ஆனாலும் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்த அந்த அம்மாதான் அவருக்குக் குரு.

“என்ன செய்யுது அண்ணாச்சி?”

“கொஞ்ச நேரம் ஓடுது, விக்கி நின்னுருது. பெட்ரோல் இருக்கான்னு மூடியைத் திறந்து பாத்து மூடினா, மறுபடி கொஞ்ச நேரம் ஓடுது. பிளக் மாத்தியாச்சு. கார்புரேட்டரைக் கழுவியாச்சு. மழையில ஊருக்கே கரன்ட் இல்ல. பொரிப்புப் பெட்டி நிறைய காடை முட்டை, நாளைக்குக் குஞ்சு வரணும். வீட்டுக்காரி வென்னீர் பாட்டிலை அணைச்சு வச்சுக்கிட்டுக் காவல் இருக்கா. முட்டை ஆறிச்சுன்னா என்னைத்தான் அடைகாக்க உக்கார வைப்பா!”

பெனிட்டா ஜெனரேட்டரைப் பார்த்தார். ஆயுத பூஜைக்குத் துடைத்த பளபளப்பு இன்னும் போகவில்லை. டேங்க் மூடி முழுக்கச் சந்தனம் காய்ந்து கிடந்தது, தோசை கனத்துக்கு. நடுவில் குங்குமம்.

“ஓட விடுங்க.”

ஓடியது. விக்கியது. நின்றது.

பெனிட்டா உள்ளே போய்ப் புது நல்லெண்ணெய் டின் ஒன்றைக் கொண்டுவந்தார். ஆணியால் ஒரே ஒரு ஓட்டை போட்டு, டின்னைக் கோமதிநாயகம் கையில் கொடுத்தார்.

“ஊத்துங்க.”

கவிழ்த்தார். நாலு சொட்டு விழுந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. குலுக்கினார். எண்ணெய் வரவில்லை.

“இன்னொரு ஓட்டை போடாம எப்படிம்மா வரும்? காத்து உள்ளே போக வேண்டாமா?”

சொன்ன வாய் மூடவில்லை. கண் டேங்க் மூடிக்குப் போனது.

ஓடிப்போய் நகத்தால் சுரண்டினார். சந்தனத்துக்கு அடியில் கடுகளவு துளை. ஊசியால் குத்தியதும், முங்கி எழுந்தவன் மூச்சிழுப்பது போல, உஸ்ஸென்று காற்றை இழுத்தது டேங்க்.

கயிற்றை இழுத்தார். பெனிட்டா காபி போட்டு, இருவரும் குடித்து, டம்ளரும் கழுவியாயிற்று. இன்ஜின் நிற்கவில்லை.

“முட்டை பிழைச்சுது!” கோமதிநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “நீங்க தெய்வம்மா! உங்க போட்டோவைப் பெருசா மாட்டி, தினமும் சந்தனம் பூசி, மாலை போட்டு...”

“வேண்டாம் அண்ணாச்சி,” என்றார் பெனிட்டா. “நான் இன்னும் மூச்சு விட்டுக்கிட்டுதான் இருக்கேன்.”