இடுப்பு வார்

மலையில் ஆட்களை வழிநடத்தும் வேலையைக் கற்றுக்கொள்ள கோமதியிடம் வந்து சேர்ந்தபோது இருதயராஜுக்கு ஐம்பத்தாறு வயது. கோமதி அவரைவிட மிகவும் இளையவர். ஆனாலும் அவர் கோமதியை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அன்று காலை புதுப் பையோடு வந்திருந்தார்.

"ஒரு நாள் மலை நடைக்கு இது நல்ல பைதானா, டீச்சர்?"

"ஏன் இத வாங்குனீங்க, அண்ணாச்சி?"

"சொட்டுத் தண்ணி உள்ள போகாது. இடுப்புல ஒரு வார், நெஞ்சுல ஒரு வார். மாட்டிட்டா உடம்போட ஒட்டிக்கிடும். ஓடினாலும் ஆடாது. உங்க பை ரேஷன் கடைக்குப் போற பை மாதிரில்லா இருக்கு!"

கோமதி சிரித்தார். "இறங்கி வந்து சொல்லுதேன்."

மலையேற வந்தவர்கள் ஐந்து பேர். உச்சியில் மழை பிடித்துக்கொண்டது. தங்கள் பைகள் நனைகின்றன என்று எல்லோரும் செல்போன்களை இருதயராஜிடம் கொடுத்தார்கள். அவர் ஒவ்வொன்றாக வாங்கி, பெருமையோடு உள்ளே வைத்து மூடினார்.

திரும்பும்போது ஓடை நிறம் மாறியிருந்தது. காலையில் கணுக்கால் நனைத்த தண்ணீர் இப்போது தொடைக்கு வந்திருந்தது. காத்திருக்க இடமில்லை. பின்னால் சரிவிலிருந்து கற்கள் உருண்டுகொண்டிருந்தன.

"எல்லாரும் ரெண்டு வாரையும் கழத்துங்க. பை தோள்ல மட்டும் கிடக்கட்டும்" என்றார் கோமதி.

"எதுக்கு?" என்று சேது என்ற இளைஞன் கேட்டான்.

"விழுந்தா பை மட்டும் போகும். மாட்டியிருந்தா உன்னையும் கூட்டிட்டுப் போகும்."

கோமதி நடு ஓடையில், ஒரு பாறையில் சாய்ந்து நின்றுகொண்டார். ஒவ்வொருவராகக் கைபிடித்து அக்கரைக்கு அனுப்பினார். இக்கரையில் நின்று வார்களைச் சரிபார்த்து அனுப்பியது இருதயராஜ்தான். சேதுவின் நெஞ்சு வாரை அவரே கழற்றிவிட்டார்.

கடைசியாக அவர் இறங்கினார். அவருடைய வார்களும் தொங்கிக்கொண்டிருந்தன.

நாலடி வைத்ததும் பை ஒரு பக்கம் சரிந்தது. அக்கரையில் சேது கத்தினான்.

"அங்கிள், பை! பை!"

இருதயராஜ் நின்றார். ஊன்றி வந்த தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இடுப்பு வாரை மாட்டினார். கிளிப் விழுந்த சத்தம் தண்ணீர் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. கோமதி மட்டும் பார்த்துவிட்டார்.

"அண்ணாச்சி, கழத்துங்க!"

அதற்குள் கால் வழுக்கியது. தண்ணீர் பையைப் பிடித்து இழுத்தது. பை அவரை இழுத்தது. ஒருமுறை தலை மறைந்து வெளியே வந்தது. பாறையின் பக்கமாக வந்தபோது கோமதி அவர் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"கிளிப்ப அமுக்குங்க!"

அவர் இரண்டு கைகளாலும் பையைப் பிடித்திருந்தார்.

"எல்லார் போனும் இருக்கு, டீச்சர்!"

"கைய எடும்வே!"

கோமதி அதுவரை அவரிடம் மரியாதைக் குறைவாகப் பேசியதே இல்லை. இருதயராஜ் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். கோமதி தண்ணீருக்குள் கைவிட்டுத் தேடி, கிளிப்பை அழுத்தினார். பை உருவிக்கொண்டு போய், ஒரு சுழலில் நின்று சுற்றியது. பிறகு காணவில்லை.

அவரைக் கரையில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். சேது ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுல என் போன் இருந்துச்சு" என்றான்.

பிறகு அவனே வந்து இருதயராஜின் தலையைத் துவட்டினான்.

மூச்சு சீரானதும் இருதயராஜ் கோமதியிடம் திரும்பினார்.

"நல்ல பை டீச்சர். இப்பவும் உள்ள தண்ணி போயிருக்காது."

"போயிருக்காது."

"பிறகு எப்படிப்பட்ட பைதான் வாங்க?"

கோமதி தன் சட்டைக் கையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"அது போன பிறகும் நீங்க இருக்கணும், அண்ணாச்சி. அப்படி ஒண்ணு பாத்து வாங்குங்க."