சேமா வீட்டு மதியச் சாப்பாடு

"உலகத்தோட ஓரம் வரைக்கும் போய்ப் பார்த்துட்டேன் அம்மை. எனக்கு ஒண்ணுமே ஆகலை."

சௌந்தரவல்லி இதைச் சொன்னபோது ஜீப்பிலிருந்து இறங்கி இன்னும் சரியாக மூச்சுகூட விட்டிருக்கவில்லை. கம்பளித் தொப்பி ஒரு காதை மூடி மறு காதைக் குளிருக்கு விட்டிருந்தது.

காந்திமதி அம்மை வறட்டியை உடைத்து அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆகணும்னு நினைச்சீங்கக்கா?"

குரு தன்னை அக்கா என்று கூப்பிடுவது சௌந்தரவல்லிக்கு உறுத்தத்தான் செய்தது. என்ன செய்வது, அம்மை வயதில் இளையவள். பாளையங்கோட்டையிலிருந்து எப்போதோ கிளம்பி, பனிமலைகளுக்குப் பின்னால் இருக்கும் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து, கல்லை அடுக்கி ஓர் அறை கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டவள். தேடி வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதைவிட வேலை சொல்வதுதான் அதிகம்.

"மனசு விரியும்னாங்க. நான்ங்கிறது கரையும்னாங்க. பனிக்கட்டி மிதக்கிற கடல்ல கப்பல்ல போனேன். மங்கோலியாவுல கூடாரத்துல படுத்தேன். கல் சிலைகளா நிக்குமே, அந்தத் தீவுக்கும் போனேன். எல்லா இடத்துலயும் நான் நானாத்தான் நின்னேன்."

"வீட்டுக்காரர்?"

"அவர் டிவி பெட்டியைத் தாண்டி எந்த ஊருக்கும் வர மாட்டார்."

அம்மை சிரித்தாள். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து சௌந்தரவல்லி கேட்க வந்ததைக் கேட்டாள். பனி விழுந்து பாதை மூடப்போகிறது. மூடினால் வசந்தம் வரை யாரும் வரவும் முடியாது, போகவும் முடியாது. அந்தக் குளிர்காலம் முழுவதும் இங்கேயே இருந்து அம்மையிடம் கற்றுக்கொள்ள வேண்டும். முன்பே எழுதியும் கேட்டிருந்தாள். பதில்தான் வரவில்லை.

"ஜீப் நாளைக்குக் காலையில திரும்புது. நான் அதுல ஏறணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லிடுங்க."

"முதல்ல சாப்பிட்டுட்டு வாங்க. கீழ சேமா வீட்டுல உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க."

"யாரு சேமா?"

"அந்தப் புகை தெரியுதுல்ல, அந்த வீடு."

சௌந்தரவல்லி பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

அந்தப் பையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எவரெஸ்டில் ஏறுகிறவன் கயிறு எடுத்துப் போவதுபோல அவள் அதை எடுத்துப் போவாள். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, அவல், மாவடு, குட்டி மின்சார குக்கர். பூமியின் எந்த மூலைக்குப் போனாலும் அந்தப் பைதான் அவளுக்குச் சமையலறை. யாருக்கும் அவள் பாரமாக இருந்ததில்லை. யார் கையிலும் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. கோயில் குளத்துக்கு வந்தவர்கள் மாதிரி கூட்டத்தோடு போய் ஹோட்டலில் இட்லி கேட்கிற ஜாதி இல்லை அவள். அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

வீடு தாழ்வாக இருந்தது. குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே நடுவில் அடுப்பு, சுற்றிக் கம்பளம். சேமா, அவள் புருஷன், மாமனார், இரண்டு பெண் பிள்ளைகள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஜன்னலை ஒட்டி, வெயில் விழும் இடத்தில் அவளை உட்காரவைத்தார்கள்.

சேமா தட்டுகளை வைத்தாள். வெந்த உருளைக்கிழங்கு, பார்லி மாவு உருண்டை, ஏதோ காய்ந்த கீரை போட்ட சூப், அதன் மேல் ஒரு துண்டு வெண்ணெய்.

சௌந்தரவல்லி இரண்டு கையையும் கூப்பினாள்.

"ஐயோ, எனக்கு எதுக்கு இதெல்லாம். சிரமமே படாதீங்க. நான் கையோட கொண்டு வந்திருக்கேன்."

அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தட்டை நகர்த்துவது எல்லா மொழியிலும் ஒன்றுதானே. நகர்த்தினாள். சம்புடத்தைத் திறந்தாள். காலையில் தங்கிய இடத்தில் கிளறி வைத்த புளியோதரை, குளிரில் விறைத்திருந்தது. இருந்தால் என்ன, நம்முடையது. சாப்பிட்டாள்.

எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவம், ஆசையாக இருக்கும்போல என்று ஒரு மாவடுவை மாமனாரிடம் நீட்டினாள். அவர் கையை வேகமாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிள்ளைகள் களுக்கென்று சிரித்தன. அவளும் சிரித்தாள். ஸ்பூனைத் தன் தண்ணீரிலேயே கழுவினாள். ஒரு பருக்கை கீழே சிந்தவில்லை. பிள்ளைகளுக்குச் சாக்லேட் வைத்துவிட்டு, மறுபடி கும்பிட்டுவிட்டுக் கிளம்பினாள்.

ஏறி வரும்போது மூச்சு வாங்கினாலும் மனசு லேசாக இருந்தது. நல்ல ஜனங்கள்.

அம்மை தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டாச்சாக்கா?"

"ஆச்சு."

"என்ன போட்டாங்க?"

"என்னமோ போட்டாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன். இருக்கிறதே கொஞ்சம், அதுல நமக்கு வேறயா? அதோட அதுல என்னென்ன கலந்திருக்கோ."

"உருளைக்கிழங்குல என்னக்கா கலப்பாங்க? கறி ஆகாதுன்னு நான்தான் சொல்லி வச்சிருந்தேன்."

"இருந்தாலும் எதுக்கு அவங்களுக்குத் தொந்தரவு? என்னோடதை நான் சாப்பிட்டேன்."

அம்மை கெட்டிலை அடுப்பு மேலேயே திரும்ப வைத்துவிட்டாள். பாதி நிறைந்த குவளை அப்படியே நின்றது.

"அவங்க சாப்பிட்டாங்களா?"

"நான் வந்த பிறகு சாப்பிட்டிருப்பாங்க."

"போய்ப் பார்த்துட்டு வாங்க."

"எதை?"

"சாப்பிட்டாங்களான்னு."

"இதுக்கா மறுபடி அவ்வளவு தூரம் இறங்கணும்?"

"ஆமா. இதுக்குத்தான்."

சௌந்தரவல்லி இறங்கினாள். முணுமுணுத்துக்கொண்டேதான் இறங்கினாள். இவ்வளவு தூரம் வந்தவளுக்கு ஒரு மந்திரம் உண்டா, ஒரு மூச்சுப் பயிற்சி உண்டா. பக்கத்து வீட்டில் சாப்பிட்டாயிற்றா என்று விசாரிக்கத்தான் விசாவும் பெர்மிட்டும் வாங்கிக்கொண்டு வந்தாளா? இதைச் சொந்த ஊரான காரைக்குடியிலேயே செய்திருக்கலாம்.

கதவு சாத்தியிருக்கவில்லை. குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

விட்டுவிட்டுப் போன இடத்திலேயே எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லார் முன்னாலும் தட்டு. எந்தத் தட்டிலும் கை பட்டிருக்கவில்லை. சூப்பின் மேல் வெண்ணெய் உறைந்து வெள்ளையாக ஆடை கட்டியிருந்தது. ஜன்னலை விட்டு வெயில் எப்போதோ போய்விட்டது. சின்னப் பெண் அக்காள் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். சாக்லேட்டைக்கூடப் பிரிக்கவில்லை.

மாமனார் வாசலைப் பார்த்தபடி இருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

சேமா சட்டென்று எழுந்தாள். ஜன்னலோரக் கம்பளத்தைக் கையால் தட்டிவிட்டாள். சூப்பை எடுத்துக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தாள்.

"ஏன் இவங்க இன்னும் சாப்பிடலை?" என்று சௌந்தரவல்லி யாரையோ கேட்டாள். தமிழில்தான் கேட்டாள். ஆனாலும் பெரிய பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. அவள் தன் தட்டிலிருந்து ஒரு கிழங்கை எடுத்தாள். வாய் வரைக்கும் கொண்டு போனாள். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பத் தட்டிலேயே வைத்தாள். பிறகு சௌந்தரவல்லியின் வாயைக் காட்டினாள்.

முதல் வாய் விருந்தாளியுடையது.

விருந்தாளி சாப்பிடாத வீட்டில் அடுப்பு எரிந்து என்ன பயன்.

சௌந்தரவல்லி உட்கார்ந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு கிழங்கை எடுத்து வாயில் போட்டாள். அரையும் குறையுமாக மென்று விழுங்கினாள்.

அவள் விழுங்கிய பிறகுதான் கைகள் தட்டுக்குப் போயின.

சின்னவளை உலுக்கி எழுப்பினார்கள். அவள் கண்ணைத் திறக்காமலேயே மாவு உருண்டையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். பசித்த பிள்ளை சாப்பிடுகிற சத்தம் அந்த அறையில் அவ்வளவு பெரிதாகக் கேட்டது.

சௌந்தரவல்லி தலையைத் தூக்கவில்லை. புல்வெளியில் ஒரு கூடாரம் நினைவுக்கு வந்தது. அங்கே ஒருத்தி இரண்டு கையாலும் ஒரு கிண்ணத்தை ஏந்தி நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள்? பார்க்கவில்லை. தீவில் ஒரு மீன்காரன் தன் அடுப்பைக் காட்டிக் காட்டிக் கூப்பிட்டான். அங்கெல்லாம் என்ன வழக்கமோ. தான் கிளம்பி வந்த பிறகு யார் யார் எதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்களோ. அவள் திரும்பிப் போய்ப் பார்த்ததில்லை.

அத்தனை புகைப்படங்களிலும் அவள் சிரித்துக்கொண்டுதான் நின்றிருந்தாள்.

மேலே ஏறி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உங்களுக்குத் தெரியும்ல அம்மை? ஏன் முதல்லயே சொல்லலை?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"ஒரு வாய் தின்னுட்டு வந்திருப்பேன்."

"தின்னுட்டு?"

"அப்புறம் என்னோட சம்புடத்தைத் திறந்திருப்பேன்."

அம்மை மாவைச் சலித்துக்கொண்டிருந்தாள்.

"நான் நாளைக்கு ஜீப்புல போயிடறேன். அந்தப் பிள்ளை முகத்துல என்னால முழிக்க முடியாது."

"போங்க. ஜீப் நிக்குது."

அவள் நகரவில்லை. குளிர் முதுகில் ஏறியது.

"உங்களோட இருந்துடட்டுமா?"

"என்கிட்ட ஒரு ஆளுக்குத்தான் மாவு இருக்கு."

"அப்ப நான் எங்க போவேன்?"

அம்மை முகவாயால் கீழே காட்டினாள். புகை இப்போது மெலிந்திருந்தது.

"அங்கயா? மறுபடியுமா?"

"குளிர்காலம் வந்து இருக்கட்டுமான்னு நீங்க எழுதினீங்கள்ல? அன்னைக்கே சேமா சொல்லிட்டா, அந்த அக்கா எங்க வீட்டுலதான் இருக்கணும்னு. உங்களுக்கும் சேர்த்துத்தான் கிழங்கைக் குழியில போட்டு மூடி வச்சிருக்கா. இன்னிக்குச் சாப்பாடு அதுக்குத்தான்."

சௌந்தரவல்லி வாசற்கல்லில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். முந்தானைக்குள்ளிருந்தே பேசினாள்.

"பையில இன்னும் நிறைய இருக்கு. அத்தனையும் சேமாகிட்ட குடுத்துடறேன். அவளுக்கும் ஒரு ஒத்தாசையா இருக்கும்."

"மறுபடியும் நீங்கதான் குடுக்கணுமா?"

சௌந்தரவல்லி முந்தானையை இறக்கினாள்.

அம்மை சல்லடையைத் தட்டினாள். மாவு பறந்து அடங்கியது.

சௌந்தரவல்லி எழுந்தாள். பையை உள்ளே, அம்மையின் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். வெறுங்கையோடு நிற்பது அவளுக்குப் பழக்கமில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

"நான் போய் என்னன்னு கேக்கறது? எனக்கு அவங்க பாஷை தெரியாதே. குடுங்கங்கிறதுக்கு இங்க என்ன சொல்வாங்க?"

"ஒண்ணும் சொல்ல வேணாம்க்கா," என்றாள் அம்மை. "பசியோட போங்க."