ஆண்டு முழுக்கக் கெட்டிமேளம்

கிரீடமும் கம்ப்யூட்டரும் ஒரே காலத்தில் இருந்த நாடு அது. வரைபடத்தில் தேடாதீர்கள், கிடைக்காது.

அந்த நாட்டு ராஜா மகுடமாறனுக்கு ஆட்சி பொழுதுபோக்கு, அல்வாதான் தொழில். ‘அரண்மனை அல்வா’ என்று இணையத்தில் போட்டு ஊரெல்லாம் விற்றார். சாதாரண நாளில் ஆர்டர் சொட்டுச் சொட்டாக வரும். அதை வாங்கிக் கணக்கும் அல்வாப் பக்குவக் குறிப்பும் வைக்க ஒரே ஒரு சர்வர் கம்ப்யூட்டர். வேலையை முடித்துவிட்டு மத்தியானமே தூங்கிவிடும். போன தீபாவளிக்கு முதல் நாள் நாடே சேர்ந்து பட்டனை அழுத்தியது. சர்வர் பெருமூச்சு விட்டுப் படுத்துவிட்டது. மக்கள் பக்கத்து நாட்டு ஜாங்கிரி வாங்கித் தின்று தீபாவளி கொண்டாடினார்கள். ராஜாவுக்கு அது போரில் தோற்றதைவிடப் பெரிய அவமானம்.

அடுத்த தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது சபையைக் கூட்டி, இந்தத் தடவை நிற்கக் கூடாது என்றார். சபையின் குறும்புக்காரர் தெய்வச்சிலை எழுந்தார்.

“கிளவுடில் வாடகைக்கு எடுப்போம் மகாராஜா. பேர்தான் மேகம், வானத்தில் ஒன்றும் இல்லை. வேறு ஊரில் ஒருவர் கட்டடம் கட்டிக் கம்ப்யூட்டராக அடுக்கி வைத்திருக்கிறார். தீபாவளிக்கு நிறைய எடுத்துக்கொள்வோம். மறுநாள் திருப்பி விட்டுவிடுவோம். ஓடின நேரத்துக்குத்தான் வாடகை.”

மந்திரி பூபதிராயர் தொண்டையைச் செருமினார். ஜலதோஷம் பிடித்த சங்கு மாதிரி குரல் அவருக்கு.

“ஹ்ஹ்ம்ம். நம்ம அல்வாப் பக்குவம் எவன் வீட்டிலோ இருக்கணுமா? அங்கே ஜாங்கிரிக்காரனும் வாடகைக்கு இருப்பான் மகாராஜா. யானைக் கொட்டகையைக் காலி பண்ணுவோம். முப்பது சர்வர் சொந்தமாக வாங்குவோம். வெண்கலக் கதவு போடுவோம். சாவி என் இடுப்பில் இருக்கும்.”

சொந்தம் என்ற சொல் ராஜாவுக்குத் தித்தித்தது. உடனே ஆணை போட்டார். இனி அரண்மனையில் எதையும் வாடகைக்கு எடுக்கக் கூடாது. தேவையானது எல்லாம் சொந்தமாக, இந்தக் கூரைக்குக் கீழேயே இருக்க வேண்டும். பொறுப்பு தெய்வச்சிலையுடையது. ஆணையை மீறினால் நாடு கடத்தல். தீபாவளிக்கு அல்வாக் கடை படுத்தாலும் நாடு கடத்தல்.

முப்பது சர்வர் கப்பலில் வந்து இறங்கவே பொங்கல் ஆகிவிடும். அது ராயருக்கும் தெரியும், அதனால்தான் மீசைக்குள் சிரித்தார். தெய்வச்சிலை வீட்டுக்குப் போய், பெட்டியைக் கட்டும்படி மனைவியிடம் சொன்னார். பாதி கட்டினால் போதும் என்றும் சொன்னார்.

அந்த வாரமே இளவரசி கல்யாணம், அந்த ஏற்பாடும் தெய்வச்சிலை கையில்தான். ஜாம்ஜாமென்று நடந்தது. மாப்பிள்ளை பெண்ணை அழைத்துக்கொண்டு போனார். ராஜா நிம்மதியாகத் தூங்கினார்.

விடிந்தது. ராஜா பல்பொடியை வாயில் வைத்தார். பிப்பிப்பீ, டும்டும்டும். கதவுக்கு வெளியே கெட்டிமேளம். வாயைக் கொப்பளித்தார். ஒருத்தர் கேமராவோடு ஜன்னலில் எட்டிப் பார்த்து, “ராஜா சார், லேசா இந்தப் பக்கம், சிரிச்ச மாதிரி” என்றார். கூடத்துக்கு வந்தால் இரண்டு பெண்கள் பன்னீர் தெளித்துக் கற்கண்டு கொடுத்தார்கள். காலைப் பசிக்கு உட்கார்ந்தால் தலைவாழை இலையில் வடை, பாயசம், அப்பளம். முற்றத்தில் பந்தல் அப்படியே நின்றது. கொட்டகை பறிபோன யானைகள் நிழல் கிடைத்த சந்தோஷத்தில் வாழைமரத் தோரணத்தை மென்றுகொண்டிருந்தன.

மறுநாளும் அதே. மூன்றாம் நாள் ராஜா தும்மினார், அதற்கும் மேளம் கொட்டினார்கள். காதில் பஞ்சோடு சபைக்கு வந்தவர் தெய்வச்சிலையைக் கூப்பிட்டார்.

“கல்யாணம்தான் முடிஞ்சுதே. இவங்க ஏன்யா போகலை?”

“எங்கே போவாங்க மகாராஜா? வாடகை கூடாதுன்னு உத்தரவு. எல்லாரையும் ஆயுசுக்கும் வேலைக்கு எடுத்திட்டேன். உங்க முத்திரையே போட்டிருக்கு. சும்மா உட்கார்ந்து சாப்பிட அவங்களுக்குக் கூச்சமாம், அதான் வாசிக்கிறாங்க.”

“ஒரு நாள் கல்யாணத்துக்கு எவனாவது வருஷம் பூரா மேளக்காரரை வச்சுக்குவானா?”

“ஒரு நாள் தீபாவளிக்கு வருஷம் பூரா முப்பது சர்வர் வச்சுக்கலாமா மகாராஜா?”

ராஜா காதிலிருந்த பஞ்சை எடுத்தார். ராயர் விடவில்லை. மேளத்தில் ரகசியம் எதுவும் கிடையாது, அல்வாப் பக்குவத்தில் உண்டே என்று மடக்கினார். தெய்வச்சிலை மெல்ல அவர் பக்கம் திரும்பினார்.

“ராயரே, உங்க மூத்த பொண்ணு கல்யாணம் வாடகை மண்டபத்தில்தானே? நகையை எங்கே வச்சீங்க?”

“மணமகள் அறையில்.”

“பூட்டு?”

“நான் கொண்டுபோன பூட்டு.”

“மாடியில் வேற யாரோட கல்யாணமோ நடந்ததே?”

“நடந்தா என்ன, அதான் பூட்டியிருந்தேனே” என்ற ராயர், சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார்.

“அவ்வளவுதான் மகாராஜா, கிளவுடும் அந்த மாதிரி மண்டபம்தான். கட்டடம், கரண்ட், ஜெனரேட்டர் எல்லாம் மண்டபத்துக்காரர் பாடு. பூட்டும் சாவியும் நம்ம பாடு. நாம திறந்து போட்டுட்டு வந்தா அவரைத் திட்ட முடியாது. அந்தக் கட்டடத்துக்கே ஏதாவது ஆனால்கூட, இன்னொரு ஊரில் நம்ம கணக்குக்கு ஒரு பிரதி வைக்கச் சொல்லிக்கலாம். நம்ம கொட்டகையில் தீப்பிடிச்சா ராயர் இடுப்பில் சாவி மட்டும்தான் மிஞ்சும்.”

ராஜா ஆணையைக் கிழித்தார். தீபாவளிக்கு முதல் நாள் நாடே பட்டனை அழுத்தியது. தெய்வச்சிலை வாடகைச் சர்வர்களைக் கூட்டிக்கொண்டே போனார். கடை மூச்சுகூட வாங்கவில்லை. மறுநாள் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பிவிட்டார். ஜாங்கிரிக்காரரே ஒரு கிலோ வாங்கினார் என்று கேள்வி. தெய்வச்சிலைக்கு ஓர் அண்டா அல்வா பரிசு. பாதி கட்டிய பெட்டியை அவர் மனைவி அவிழ்த்தார்.

ஆயுசுக்கும் வேலை கிடைத்த மேளக்காரர்களை என்ன செய்வது? சும்மா இருக்கிற மேளத்தை ஊர்க் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடச் சொன்னார் தெய்வச்சிலை. அல்வாவைவிட அதில் லாபம் வந்தது.

தை மாதம் ராயர் தயங்கித் தயங்கி வந்தார். இளைய மகளுக்குக் கல்யாணமாம். மேளக்காரர்கள் கிடைப்பார்களா என்று கேட்டார். ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார்.

“வாடகைக்கா ராயரே? சேச்சே. சொந்தமாவே வச்சுக்குங்க, உங்க கூரைக்குக் கீழேயே.”

ராயர் பதறிக் கைகூப்பினார்.

“ஒரு நாள் போதும் மகாராஜா. சாயங்காலமே திருப்பி விட்டுடறேன்.”