வெள்ளைச்சிக்கு நாலு மனு

ஒரு ஊர்ல ஒரு வெள்ளாடு. பேரு வெள்ளைச்சி. அதுக்கு வாய் ஓயவே ஓயாது. அதை வளர்த்த பொன்மாரிக்கு வாய் திறக்கவே திறக்காது. ம் சொல்லு, அப்பதான் ஆடு நடக்கும்.

ம்.

ஒரு திங்கக்கிழமை, பேரூராட்சி ஆபீஸ் வாசல்ல இருந்த அரளிச்செடியில ஒரு கிளை மளுக்குனு ஒடிஞ்சு தொங்குச்சு. அந்தப் பக்கமாப் போன வெள்ளைச்சியை, "இதுதான் கடிச்சிருக்கு"ன்னு பிடிச்சு, செடிக்குப் பக்கத்துத் தூண்லயே கட்டிட்டார் ஆபீசர். "வெள்ளிக்கிழமை சந்தையில ஏலம்"னுட்டார்.

புட்டிப்பால் குடுத்து வளர்த்த ஆடு. பொன்மாரி ஆபீசுக்கு ஓடினா. ஆனா ஆபீசர் முன்னாடி நின்னா தொண்டையில வெறுங்காத்துதான் வரும். அதனால மனு எழுதினா.

செவ்வாய்க்கிழமை மனுவுல, "நான் பி.ஏ. படிச்சவ. எங்க தாத்தா இந்த ஊருக்குக் கிணறு வெட்டினவர். எங்க வீட்ல யாரும் பொய் சொல்லமாட்டோம்"னு எழுதினா.

ஆபீசர் படிச்சார். "நல்ல குடும்பம்தான். ஆனா செடியைக் கடிச்சது உங்க தாத்தா இல்லையேம்மா"ன்னு மனுவை ஜன்னல்ல வச்சார். ஜன்னலுக்கு வெளிய யாரு? வெள்ளைச்சி. சரக், சரக். மனு காலி.

அப்புறம் புதன்கிழமை. வெறும் காரணமா எழுதினா. ஒண்ணு, ஆடு அரளியைத் தொடாது. ரெண்டு, கிளை ஒடிஞ்ச உயரம் ஆட்டுக்கு எட்டாது. இப்படியே பதினேழு. அஞ்சாவதுல ஆபீசர் கொட்டாவி விட்டார். எட்டாவதுல கொர்ர்ர். மனு ஜன்னலுக்குப் போச்சு. சரக், சரக்.

ம்.

அப்புறம் வியாழக்கிழமை. நாலு பக்கம், பூரா அழுகை. "தாயில்லாக் குட்டிங்க ஐயா. மழையில நடுங்குச்சு, என் தாவணியில சுத்தி வச்சிருந்தேன்." ஆபீசர் கைக்குட்டையைப் பிழிஞ்சார். மூக்கைச் சர்ர்ருனு சிந்தினார். "கல்லும் கரையும்மா. ஆமா, உனக்கு என்ன வேணும்?"

பொன்மாரி பக்கம் பக்கமாப் புரட்டினா. அதை எங்கயுமே எழுதல.

அப்போ வந்துச்சு வெள்ளிக்கிழமை. வாசல்ல சந்தை வண்டி, பாம் பாம். பொன்மாரி ஒரு அரைத்தாளைக் கிழிச்சு, நின்ன இடத்துலயே எழுதி நீட்டினா.

"ஐயா, நான் இந்த ஊர்ப் பொண்ணு. ஆடு தப்பு பண்ணியிருந்தா நானே சொல்லியிருப்பேன். நாலு நாளா அரளிக்குப் பக்கத்துலயே கட்டியிருக்கீங்க. ஒரு இலையாவது கடிச்சிருக்கானு பாருங்க. அது இல்லாம எனக்குச் சோறு இறங்கல. அவிழ்த்து விட்டுடுங்க."

ஆபீசர் எட்டிப் பார்த்தார். அரளி பச்சைப்பசேல்னு நிக்குது. வெள்ளைச்சி நேத்து மனுவோட கடைசிப் பக்கத்தை மென்னுக்கிட்டு நிக்குது.

"கூட்டிட்டுப் போம்மா. இன்னும் ரெண்டு நாள் இருந்தா ஆபீசையே தின்னுடும்"னார்.

அப்போ கிளையை யார் ஒடிச்சா, சித்தி?

படு, சொல்றேன். ஆபீசரோட ஸ்கூட்டர் கண்ணாடியில ஒரு அரளிப்பூ சிக்கியிருந்துச்சு. பொன்மாரி அதைத் திங்கக்கிழமையே பார்த்துட்டா.

ஏன் எழுதல?

எழுதியிருந்தா ஆபீசருக்குக் கோவம் வந்திருக்கும். ஆடு வந்திருக்குமா?

ம்ஹூம்.

ஆடு கொட்டகைக்கு வந்தாச்சு, கதை கட்டுத்தறிக்கு வந்தாச்சு. கண்ணை மூடு.