கரிச்சான் வால் கிழிந்த கதை

அந்தக் காலத்தில், பறவைகளும் மனிதர்களும் பேசிக்கொண்ட நாளில், ஒரு துறைமுகத்துப் புளியமரத்துக்குக் காக்கை தலைவராக இருந்தது. கப்பல்காரர்களின் ஆங்கிலம் அங்கே யாருக்கும் புரியவில்லை. ஆயிரம் சொற்களை மனப்பாடமாக ஒப்பிப்பவர்தான் மொழிபெயர்ப்பாளர் என்று காக்கை சட்டம் போட்டது. கிளி மூச்சுவிடாமல் ஒப்பித்துப் பதவியில் உட்கார்ந்தது. அர்த்தம் கேட்டால் மட்டும் திருதிருவென்று விழிக்கும்.

அதே மரத்தில் மூன்று குஞ்சுகளோடு இருந்த கரிச்சான் வேறு வழியில் படித்தது. பாய்மரத்தில் உட்கார்ந்து கப்பல்காரர்கள் பேசுவதைக் கேட்கக் கேட்க, அந்தப் பெரிய பெரிய சொற்களுக்குள் லத்தீன் என்னும் பழைய மொழியின் வேர்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுகொண்டது. வேருக்கு முன்னால் ஒட்டும் துண்டு மாறினால் பொருளும் மாறியது.

ஒருநாள் கப்பல்காரர் ஒரு பெரிய கூண்டோடு வந்து, மரத்திலிருந்த எல்லாக் குஞ்சுகளையும் காட்டி, "எக்ஸ்போர்ட்" என்றார். அந்தச் சொல் கிளியின் ஆயிரத்தில் இல்லை. போன மாதம் இம்போர்ட் என்று சொல்லிச் சோளமூட்டை இறக்கினார்கள். இதுவும் அதுதான், கூண்டுக்குள் குஞ்சுகளுக்குத் தீனி தருகிறார்கள் என்று கிளி கூசாமல் அடித்துவிட்டது.

கரிச்சான் காக்கையின் முன்னால் பறந்து வந்தது. "போர்ட் என்றால் சுமப்பது, தலைவரே. இம் என்றால் உள்ளே, எக்ஸ் என்றால் வெளியே. நம் பிள்ளைகளைக் கப்பலேற்றப் போகிறார்கள்."

"உனக்கு எத்தனை சொல் ஒப்பிக்கத் தெரியும்?" என்றது காக்கை.

"நாற்பது வேர் தெரியும்."

ஆயிரம் எங்கே, நாற்பது எங்கே என்று காக்கை சிரித்தது. மரமே சிரித்தது. பிள்ளைகளைப் பறிகொடுக்கப் போகிற கூட்டத்துக்குச் சிரிக்க மட்டும் தெரிந்திருந்தது. எதிர்த்துப் பேசியதற்காகக் கரிச்சானின் குஞ்சுகளையே முதலில் கூண்டுக்குள் தள்ளச் சொன்னது காக்கை. மற்றப் பறவைகளின் குஞ்சுகள் பின்னால் போயின.

கூண்டுக் கதவு சட்டென்று இறங்கியது. கரிச்சான் பாய்ந்து தன் வாலைக் கதவிடுக்கில் கொடுத்தது. அந்தச் சந்து வழியே புறாக் குஞ்சு வெளியே வந்தது, மாங்குயில் குஞ்சு வந்தது. ஆழத்தில் கிடந்த கரிச்சானின் மூன்று குஞ்சுகளும் வருவதற்குள் வால் நடுவில் கிழிந்து கதவு மூடிக்கொண்டது.

கப்பல் போன பிறகு, "அந்தச் சொல் கிளியின் பட்டியலிலேயே இல்லையே" என்றது காக்கை. கரிச்சான் பாய்ந்துபோய் அதன் தலையில் கொத்தியது.

அன்று முதல்தான் கரிச்சானுக்கு வால் இரண்டாகப் பிளந்திருக்கிறது. புறாவும் மாங்குயிலும் அதன் மரத்தை நம்பிக் கூடு கட்டுகின்றன. காக்கை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், கண்ட இடத்தில் கரிச்சான் அதை விரட்டி விரட்டித் தலையில் கொத்துகிறது.