மடத்து ரஸ்தாளி

"சாமி, நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டார் வைரப்பெருமாள்.

மடத்து வாழைத்தோட்டத்தில் நின்றுகொண்டு கேட்டார். நான்கு ஏக்கரில் ஒரு மரம்கூடப் பச்சையாக இல்லை. இலைகள் மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றித் தொங்கின. வாடல் நோய்.

குரு ஒரு மரத்தைச் சாய்த்துக் கிழங்கைப் பிளந்தார். உள்ளே செங்காவிக் கோடுகள் ஓடியிருந்தன.

"இது என்ன ரகம்?"

"ரஸ்தாளி."

"பக்கத்து மரம்?"

"அதுவும் ரஸ்தாளி."

"அந்த மூலையில?"

வைரப்பெருமாள் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாவற்றையும் நட்டவரே அவர்தான், தெரியாதா என்ன?

குருவைவிட அவர் பத்து வயது மூத்தவர். தாலுகா ஆபீஸில் முப்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு மடத்துக்கு வந்தவர். மேலிடத்து உத்தரவை மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கமே கிடையாது.

மூன்று வருடத்துக்கு முன்பு இதே தோட்டத்தில் ஏழு ரக வாழை இருந்தது. இடையில் உளுந்து, வரப்பில் ஆமணக்கு, வேலியோரம் அகத்தி. ஒரு நாள் மதியம் வேலை முடித்துப் பசியோடு வந்த குரு ஒரு ரஸ்தாளியை உரித்துத் தின்றுவிட்டு, "பழம்னா இதுதான்யா!" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பசித்தவன் சொன்ன பேச்சு. வைரப்பெருமாள் அதை உபதேசமாக்கிவிட்டார். குரு யாத்திரை போய்த் திரும்புவதற்குள் மற்ற ஆறு ரகங்களும் வேரோடு போயின. உளுந்தும் அகத்தியும் போயின. திரும்பி வந்த குரு தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதையும் சீடர்கள் ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"நான் அன்னிக்கே வாயைத் திறந்திருக்கணும்," என்றார் குரு. "எனக்குப் பெருமையா இருந்துச்சு. என் பேச்சுக்கு நாலு ஏக்கரும் தலையாட்டுதேன்னு."

அந்த நேரத்தில் காத்தாயி வந்து வரப்பில் நின்றாள்.

மடத்துக்குக் கீழ்ப்புறம் ஒரு ஏக்கர் வைத்திருப்பவள். துக்கத்தோடு வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்பக் கூடாது, தோட்டத்திலிருந்து ஒரு வாழைக்கன்று கொண்டுபோக வேண்டும் என்பது மடத்து வழக்கம். புருஷன் செத்த வருடம் அவள் அழுதுகொண்டு வந்தபோது வைரப்பெருமாள் வண்டி நிறைய ரஸ்தாளிக் கன்று ஏற்றி அனுப்பினார். தானே போய் நின்று நட்டும் கொடுத்தார். நோய் அந்தக் கன்றுகளோடுதான் போனது என்று இப்போது அவருக்குத் தெரிகிறது. அவளுக்கு இன்னும் தெரியாது.

"எல்லாம் போச்சுங்க சாமி," என்றாள். "ஒரு தார் தேறல."

"ஊடுபயிர் எதுவும் போடலையா தாயி?" என்று கேட்டார் குரு.

"அது என்ன பயிரோ எனக்குத் தெரியாதுங்க. நடுவால தட்டைப்பயறும் கீரையும் போட்டிருந்தேன். ஓரத்துல அவரைக்கொடி. சாமிக்குப் பிடிச்சது ரஸ்தாளிதான், மத்ததைப் பிடுங்குன்னு இவரு சொன்னாரு. பிடுங்கிட்டேன்."

வைரப்பெருமாளுக்குக் காது சுட்டது.

காத்தாயி குரலைத் தாழ்த்தினாள். "கெணத்தடியில எங்கம்மா வெச்ச பூவன் நாலு குத்து இருக்குதுங்க. அதையும் தோண்டச் சொன்னாரு. மனசு கேக்கல. தோண்டிட்டேன்னு பொய் சொல்லிட்டேன். இப்ப அது மட்டும்தான் பச்சையா நிக்குது. மடத்துல சொன்ன பொய்யாலதான் இப்படி ஆயிருச்சா சாமி? அதையும் தோண்டிப்புடட்டுமா?"

 குரு போய் மடத்து மணியை அடித்தார்.

சீடர்கள் பன்னிரண்டு பேரும் ஓடி வந்து வரிசையாக நின்றார்கள்.

"ஊடுபயிர்னா என்ன?"

பன்னிரண்டு வலது கைகள் உயர்ந்தன. பேசும்போது குரு அப்படித்தான் கையைத் தூக்குவார். "ஒன்று சாய்ந்தால் மற்றொன்று தாங்குவது."

"தனிப்பயிர்னா?"

"ஒன்று சாய்ந்தால் எல்லாம் சாய்வது."

ஒரு எழுத்து பிசகவில்லை. எத்தனையோ வருடத்துக்கு முன்பு குருவே சொல்லிக் கொடுத்த அர்த்தம் அது.

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு," என்று குரு சிரித்தார். பார்க்கச் சகிக்காத சிரிப்பு.

அவர் காத்தாயியின் முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் ஏந்தினார்.

"உன் பொய்யால ஒண்ணும் ஆகல தாயி. எங்களாலதான் ஆச்சு. உன் வயல்ல நோயை வெச்சது இந்த மடம்தான். அதைத் தோண்டிடாதே. துக்கத்தோட வந்திருக்கேன், எனக்கு அதுல ஒரு கன்னு குடு."

காத்தாயிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் வைரப்பெருமாளின் முகம் மலர்ந்தது. மூன்று வருடமாக அவருக்கு இப்படி ஒரு தெளிவு வந்ததில்லை.

"புரிஞ்சுருச்சு சாமி!" என்று கத்தினார். "பூவன்! அடுத்த பட்டத்துல நாலு ஏக்கரும் பூவன்தான்!"

பன்னிரண்டு வலது கைகள் உயர்ந்தன. "பூவன்," என்றன பன்னிரண்டு வாய்கள்.

குரு கண்ணை மூடிக்கொண்டார். நீட்டிய கைகள் நீட்டியபடியே இருந்தன.

வைரப்பெருமாள் ஆசையோடு காத்தாயியிடம் திரும்பினார். "எத்தனை கன்னு தேறும் தாயி?"

காத்தாயி கருகிய நான்கு ஏக்கரைப் பார்த்தாள். வரிசையில் நின்றவர்களைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்தப் பூவனுங்க?" என்றாள். "அதைத்தான் அப்பவே தோண்டிட்டேனே."